அராஜகம் என்ற வசவு

சென்ற மாதம் ராயபுரத்தில் ஒரு மாடி வாசகசாலையில் பதினான்கு பேர் கூடி எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றிப் பேசினோம். மூன்று கட்டுரைகள். முதலில் வாசித்தவருக்கு ஆச்சார்யா பாரதியின் நண்பர். அதற்கு மேல் அவரிடம் ஆச்சார்யாவைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. இரண்டாமவருக்கு அவர் தாஷ்கெண்டில் கட்சி தொடங்கிவிட்டுத் திசை தப்பிப்போனவர். மூன்றாமவர் இளைஞர், நல்ல வாசகர். எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் பஞ்சாயத்தே அராஜகவாதத்தின் வாழும் உதாரணம் என்றும், ஆச்சார்யா தேடி அலைந்தது நம் குப்பங்களிலேயே இருந்தது என்றும் வாசித்தார். மூவரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அன்று பேச வாய்க்கவில்லை. கீழே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, "சார், டைம் ஆச்சு" என்று குரல் கொடுத்துவிட்டார். ஆகவே இங்கே.

'அராஜகம்' எனக்குப் புத்தகம் வழியே வந்து சேர்ந்த வார்த்தையல்ல. 1983ல் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக இருந்தேன். போனஸ் தகராறு. ஒருநாள் ராத்திரி ஷிப்டில் எழுபது பேர் மெஷின்களை நிறுத்திவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. பக்கத்து லேத்துக்காரர் சுவிட்சை அணைத்ததைப் பார்த்து நான் அணைத்தேன், என்னைப் பார்த்து இன்னொருவர். இரண்டு ராத்திரிகள் இருந்தோம். ஒரு போல்ட் காணாமற் போகவில்லை. தரையில் கசிந்த எண்ணெயைத் துடைத்துவைத்ததும் நாங்கள்தான். வழுக்கி விழப்போவது எங்களில் ஒருவன்தானே. மூன்றாம் நாள் காலைப் பத்திரிகையில் 'தொழிலாளர் அராஜகம்' என்று வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டோம், பத்திரிகை யாருடையது என்பது தெரிந்த விஷயம். அன்று மாலை கேட் கூட்டத்தில் எங்கள் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். தலைமையைக் கேட்காமல் உட்கார்ந்ததற்கு அவரும் அதே வார்த்தையைத்தான் எடுத்தார். ஒப்பந்தம் மவுண்ட் ரோடில் ஏதோ ஓர் அறையில் கையெழுத்தாயிற்று. பதினோரு பேருக்கு வேலை போயிற்று. அதில் நான் ஒருவன்.

முதலாளி, பத்திரிகை, தலைவர் மூவரும் வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். இந்த ஒரு சொல்லில் மட்டும் மூவர் நாக்கும் ஒரே இடத்தில் சுழன்றது எனக்கு அன்றைக்கு விநோதமாக இருந்தது. இன்றைக்கு இல்லை.

சொல் பழையது. வால்மீகியில் தசரதன் இறந்த பின், அரசனில்லாத நாட்டில் என்னென்ன நடக்காது என்று அயோத்தியா காண்டத்தில் ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. மழை பெய்யாது, விதை விதைக்கமாட்டார்கள், மகன் தகப்பனுக்கு அடங்கமாட்டான். பாரதத்தின் சாந்தி பர்வம் இன்னும் சுவாரஸ்யமானது. ஆதியில் அரசனும் இல்லை தண்டனையும் இல்லை, ஜனங்கள் ஒருவரையொருவர் தர்மத்தால் காத்துக்கொண்டார்கள் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகுதான் அரசனைக் கொண்டுவருகிறது. காரணம் மீன்நீதி: தடியெடுப்பவன் இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுவிடும்.

இந்த மீன்நீதியைக் காசிமேட்டில் நின்றுகொண்டு யோசித்துப் பாருங்கள். கட்டுமரக்காரனின் கடலுக்குள் இழுவைமடி விசைப்படகு எப்படி வந்தது? தானாக வளர்ந்த பெரிய மீனா அது? திட்டம் போட்டு, மானியம் கொடுத்து, இறால் ஏற்றுமதிக்கென்று அரசு வளர்த்த மீன். பிறகு கட்டுமரக்காரனும் விசைப்படகுக்காரனும் கடலில் மோதிக்கொண்டபோது, 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கு என்று கோடு கிழித்தார்கள். தண்ணீரில் கோடு. பெரிய மீனை வளர்த்தவனே சின்ன மீனுக்குக் காவலன் என்று வந்து நிற்கிறான். சாந்தி பர்வம் இதை எதிர்பார்க்கவில்லை. ஆச்சார்யா எதிர்பார்த்தார் என்பது என் கட்சி.

வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது வேகமாக ஓடிய வாழ்க்கை. மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி 1887 ஏப்ரல் 15ல் சென்னையில் பிறந்தார். 'இந்தியா' பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பத்துப் பையன், அந்தப் பத்திரிகையிலேயே வேலை செய்தவர். 1908ல் அரசாங்கம் 'இந்தியா' மீது பாய்ந்தபோது பாரதி புதுச்சேரி போனார். பதிவு ஆசிரியராக இருந்த சீனிவாசன் பிடிபட்டு 5 வருஷம் தண்டனை வாங்கினார். (முதல் கட்டுரைக்காரர் பாரதியின் ரயில் பயணத்தை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்தார். ஜெயிலுக்குப் போனவரின் பெயர் அவர் வாயில் வரவில்லை. நம் இலக்கிய சரித்திரம் இப்படித்தான் எழுதப்படுகிறது, கவிஞனுக்கு வெளிச்சம், மற்றவர்களுக்கு அடிக்குறிப்பு.) ஆச்சார்யாவும் புதுச்சேரி போய், அங்கிருந்து ஐரோப்பா. லண்டன் இந்தியா ஹவுசில் வ.வே.சு. ஐயர், சாவர்க்கர் கூட்டத்தோடு இருந்தார். 1909 ஜூலையில் திங்ரா கர்ஸன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அடுத்த மாதமே ஆச்சார்யா, சுக்சாகர் தத் என்ற இன்னொரு இளைஞரோடு மொராக்கோவுக்குக் கிளம்பினார். ஸ்பானியருக்கு எதிராகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த ரிஃப் மக்களோடு சேர்ந்து யுத்தம் பழகலாம் என்று ஏற்பாடு. போய்ச் சேர முடியவில்லை. இருபத்திரண்டு வயசு.

அப்புறம் பெர்லின், கான்ஸ்டாண்டிநோபிள், நியூயார்க். யுத்த காலத்தில் பெர்லின் இந்தியக் கமிட்டி, ஸ்டாக்ஹோம். 1919ல் மகேந்திர பிரதாப், பரக்கத்துல்லா ஆகியோரோடு மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். 1920 அக்டோபர் 17ல் தாஷ்கெண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது இருந்த ஏழு பேரில் ஒருவர், தலைமை வகித்தவர். எம்.என். ராயுடன் முரண்பட்டுச் சில மாதங்களிலேயே வெளியே தள்ளப்பட்டார். மாஸ்கோவில் ஓவியர் மக்தா நாக்மனை மணந்தார். 1913ல் கவிஞர் மரீனா ஸ்வெதாயேவாவைத் தீட்டியவர் இந்த மக்தா. ஸ்வெதாயேவா என்றால் உருகுகிற நம் நண்பர்களுக்கு, அந்தப் படத்தைத் தீட்டிய கை ஒரு சென்னைக்காரரின் மனைவியுடையது என்பது செய்தியாக இருக்கலாம். 1922 கடைசியில் இருவரும் பெர்லின் போனார்கள். அந்த டிசம்பரில் அராஜக சிண்டிகலிஸ்டுகளின் அகிலம் அங்கே உருவாயிற்று. அன்றிலிருந்து சாகும்வரை அவர் அராஜகவாதி. 1935ல் பம்பாய்க்குத் திரும்பினார். மக்தா 1951ல் இறந்தார். ஆச்சார்யா 1954 மார்ச் 20ல், வறுமையில், நோயில், அதே பம்பாயில் இறந்தார்.

இனி என் முதல் சண்டை. ஞாபகம் பற்றியது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டது. ஏறக்குறைய அரைமணி நேரம். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்த அரைமணி நேரம் தமிழில் ஒரு வார்த்தையாகவே தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்ப்பா" என்று ராயபுரத்தில் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற கதைக்கு ஆதாரமில்லை, ஆனால் அதற்கு மேடையில் கைதட்டல் உண்டு. செண்பகராமனும் ஆச்சார்யாவும் ஒரே பெர்லின் கமிட்டிக்காரர்கள். பீரங்கியோடு கற்பனையாகச் சேர்த்துவைக்கப்பட்டவர் வீரர் ஆனார். பீரங்கிகளைப் பத்து வருஷம் துரத்திப் பார்த்துவிட்டு, அந்த வழியில் கிடைக்கப்போவது இன்னொரு பீரங்கிக்காரனின் ஆட்சிதான் என்று முடிவுக்கு வந்தவர் காணாமற் போனார். அவரைப் 'பாரதியின் நண்பர்' ஆக்குவது அந்தக் காணாமற் போதலைப் பூர்த்தி செய்கிற வேலை. 1908ல் இருபத்தோரு வயதில் செய்ததை வைத்து, அறுபத்தாறு வயசு வரை வாழ்ந்து எழுதிய ஒருவரைத் தீர்த்துக்கட்டுகிறோம்.

இரண்டாமவருக்கு. தோழரே, நீங்கள் 'திசை தப்பியவர்' என்றீர்கள். திசை எது என்பதுதானே வழக்கு? தமிழில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருவர் கட்சியை விட்டால் அவர் எங்கே போனார் என்று நாம் கேட்பதில்லை, ஏன் விட்டார் என்று வதந்தி கேட்கிறோம். ஆச்சார்யா போன இடம் தெளிவானது. ருஷ்யாவில் தொழிற்சாலைகள் தொழிலாளியிடமிருந்து முதலாளிக்குப் பதிலாக அரசிடம் போயின, கூலி கூலியாகவே இருந்தது, ஆகவே அது அரசு முதலாளித்துவம் என்று இருபதுகளிலேயே எழுதினார். 1921 மார்ச்சில் கிரான்ஸ்டாட் மாலுமிகள் நசுக்கப்பட்டபோது அவர் ருஷ்யாவில் இருந்தவர். இந்தியாவுக்கும் அதையே சொன்னார்: வெள்ளைக்காரனின் கச்சேரியில் நம்மவன் உட்கார்ந்தால் கச்சேரி கச்சேரிதான். காங்கிரஸின் சுயராஜ்யத்தை இதனால் ஏற்கவில்லை. காந்தியின் அகிம்சையைப் பெரிதாக மதித்தார். ஆனால் அகிம்சை பேசுகிற ஒருவர் போலீஸ் வைத்து நடக்கிற ராஜ்யத்தை எப்படிக் கேட்க முடியும் என்பது அவருடைய விடாத கேள்வி. 1947ல் கல்கத்தாவிலிருந்து வந்த அவருடைய சிறு நூலின் பெயரே அகிம்சைப் பொருளாதாரத்தின் கோட்பாடுகள் என்பது. கூலியும் பணமும் இருக்கிறவரை வன்முறை இருக்கும், உற்பத்தி அந்தந்த ஊரின் தேவைக்கு, அந்தந்த ஊராரின் கையில் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1948ல் இக்பால் சிங்கும் ராஜா ராவும் தொகுத்த ஒரு புத்தகத்தில் அராஜகவாதம் என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகாத நேரத்தில், எல்லோரும் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

இன்னொன்று. இந்த மனிதரின் வாழ்க்கையைச் சென்னையிலிருந்து முதலில் பொறுமையாகத் தேடி எழுதியவர் சி.எஸ். சுப்பிரமணியம், தென்னிந்தியாவில் கம்யூனிஸ்ட் இயக்கத்தை ஊன்றியவர்களில் ஒருவர். 1995ல் அந்தப் புத்தகம் வந்தது. ஓலே பிர்க் லார்சன் கட்டுரைகளைத் தொகுத்ததும் (2019) முழு வரலாறு எழுதியதும் (2023) பின்னால் வந்தவை. ஆயுள் முழுக்கக் கட்சியோடு வாழ்ந்த சி.எஸ். தம் முதுமையில் உட்கார்ந்து ஆச்சார்யாவை எழுதினாரே, அவருக்கு இருந்த பெருந்தன்மை உங்கள் ஒன்பது பக்கக் கட்டுரையில் எங்கே போயிற்று?

அரசு முதலாளித்துவம் என்பது புத்தகச் சொல் என்று நினைப்பவர்கள் எண்ணூருக்கு வரட்டும். அனல்மின் நிலையம் 1970ல் வந்தது. 450 மெகாவாட். 2017ல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே இன்னொன்று. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, துறைமுகம். இவற்றில் பெரும்பாலானவை டாட்டா பிர்லாவுடையவை அல்ல, ஜனங்களின் பெயரால் அரசு வைத்தவை. சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கொட்டியபோதும் அது ஜனங்களின் பெயரால் கொட்டிய சாம்பல்தான். கழிமுகத்தில் இறால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர் முழங்காலளவு ஆயிற்று. தனியார் என்றால் கொடி பிடிக்கத் தெரிந்த நம் சங்கங்களுக்கு இங்கே வாய் குழறியது. வேலை கொடுக்கிறவனும் அவனே, கேட்பவனும் அவனே, தீர்ப்புச் சொல்கிறவனும் அவனே என்றால் யாருக்கு எதிராக உட்கார்வது?

இப்போது மூன்றாமவர், என் தம்பி மாதிரி. "அண்ணே, 2017ல கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ யாருண்ணே அள்ளினது? வாளியைத் தூக்கிட்டு ஜனங்கதானே எறங்கினாங்க?" என்று கேட்டார். வாஸ்தவம். 2017 ஜனவரியில் வாளி. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள். ஆனால் தம்பி, அது அராஜகவாதம் இல்லை. கைவிடப்படுதல். அரசை வேண்டாமென்று ஒதுக்கிய ஜனங்கள் அள்ளியதற்கும், வரி வாங்கிக்கொண்ட அரசு வராமல் போனதால் அள்ளியதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், நாளை எந்த மந்திரியும் உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

பஞ்சாயத்து விஷயமும் அப்படியே. பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். போலீஸ் இல்லை, பத்திரம் இல்லை, ஏரியை ஒருவனே அள்ளிக்கொள்ள முடியாது. அழகான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பங்கு தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் ஆண். குறிப்பிட்ட சாதிக்கு, குறிப்பிட்ட ஊருக்கு. வெளியே நிற்கிறவன் ஏரியில் கையால் தடவிப் பிடித்துக்கொள்ளலாம், சீட்டுக் குலுக்கும் இடத்தில் உட்கார முடியாது. விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் கூடையோடு முண்டியடித்து, கடன் வாங்கி, விற்று, குடும்பத்தை நடத்துகிற பெண் பஞ்சாயத்தில் எங்கே உட்கார்கிறாள்? கட்டுப்பாட்டை மீறியவனை ஊரைவிட்டு விலக்கிவைக்கிற அதிகாரத்துக்குப் பெயர் என்ன? ராஜா இல்லை என்பதால் ராஜ்யம் இல்லை என்று அர்த்தமாகிவிடாது.

இங்கேதான் ஆச்சார்யாவோடும் எனக்குக் கணக்கு இருக்கிறது. ஊர் தன்னைத் தானே நடத்திக்கொள்ளட்டும் என்று சொல்கிற ஒரு மண்டயம் ஐயங்காருக்கு, ஊர் என்றால் ஊரும் சேரியும் என்பது உறைத்திருக்க வேண்டும். அவருடைய பொருளாதாரக் கட்டுரைகளில் சாதி ஓரத்தில் நிற்கிற விஷயம். 1921ல் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததில் போய் முடிந்தது. அரசு அதை மூட்டிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம், பாதி நிஜமும்கூட. மீதிப் பாதி நம்முடையது. அந்த வருஷம் ஆச்சார்யா மாஸ்கோவில் இருந்தார். அதற்கப்புறம் மூன்று பத்தாண்டுகள் எழுதியும் புளியந்தோப்பு அவருடைய கம்யூனுக்குள் வந்து சேரவில்லை.

இன்னொரு கணக்கு, இது என் வீட்டுக் கணக்கு. அப்பா துறைமுகக் கூலி. தினம் விடியற்காலையில் கேட்டில் நின்று, மேஸ்திரி விரல் நீட்டினால் வேலை, நீட்டாவிட்டால் வீடு. மேஸ்திரிக்குக் கொடுத்தால் விரல் நீளும். 1948ல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்து, பின்னால் டாக் லேபர் போர்டு வந்து, அப்பா பதிவுத் தொழிலாளி ஆனார். ஓர் அட்டை கொடுத்தார்கள். வேலை இல்லாத நாளுக்கும் ஏதோ கொஞ்சம் உண்டு. அந்த அட்டையை அவர் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அரசு என்றால் அவருக்கு அந்த அட்டை. ஆச்சார்யாவைப் பற்றி நான் சொல்லியிருந்தால், "அவரு மேஸ்திரி கையில நின்னிருக்காரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார். என்னிடம் பதில் இல்லை. ஆச்சார்யாவிடமும் முழுசாக இல்லை. மேஸ்திரியை ஒழிக்க சர்க்காரைக் கூப்பிட்டோம், சர்க்காரே பெரிய மேஸ்திரியாகி உட்கார்ந்தபோது எங்களுக்குக் கூப்பிட ஆளில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்பா அதற்கும் அட்டையைத்தான் காட்டியிருப்பார். இன்றைக்குத் துறைமுகத்தில் பெட்டகங்களை ஏற்றி இறக்குவது கிரேன். காண்டிராக்ட் பையன்களுக்கு அந்த அட்டையும் இல்லை, கேட்டில் மறுபடியும் யாரோ விரல் நீட்டுகிறார்கள்.

ஆகவே ஆச்சார்யாவைக் கும்பிட்டுக் கொண்டாட நான் இதை எழுதவில்லை. அவரோடு சண்டை போடும் அளவுக்காவது அவரைப் படியுங்கள் என்கிறேன். கதை, கவிதை எழுதுகிற நமக்கு இதில் என்ன என்று ஒரு நண்பர் மாடிப்படியில் கேட்டார். அறுபதுகள் தொட்டு நம் சிற்றேடுகளில் காம்யு, சார்த்தர், அன்னியமாதல், தனிமனிதப் பிரக்ஞை என்று எவ்வளவு பக்கங்கள்! ஸ்தாபனத்துக்கு எதிர்ப்பு என்பது நமக்கு ஒரு நடை, ஒரு தோரணை. வேலை போகிற, பாஸ்போர்ட் போகிற, பசிக்கிற எதிர்ப்பு ஒன்று நம்மூரில் பிறந்து, உலகத்தைச் சுற்றி, பம்பாயில் யாரும் கவனிக்காமல் செத்தபோது, நாம் பாரீஸ் காப்பிக் கடைகளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தோம். பதினான்கு பேருக்குப் பத்திரிகை நடத்துகிற நாமே இப்படி என்றால், பதினான்கு பேருக்கு மேல் வாசகர் கிடைக்காமல் எழுதிக்கொண்டே இருந்த ஒரு மனிதரின் கஷ்டம் வேறு யாருக்குப் புரியப்போகிறது?

ஒரு வாரமாக அந்த 1948 கட்டுரையைத் தமிழ் செய்ய உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பிலேயே நிற்கிறேன். 'அரசின்மை' என்று போடலாம், சுத்தமான வார்த்தை, யாருக்கும் கோபம் வராது. அதுதான் தொந்தரவு. மூன்றாம் கட்டுரை வாசித்த தம்பிக்கு நேற்று போன் செய்து கேட்டேன். "அராஜகம்னே போடுங்கண்ணே, ஆனா எங்க ஆயா படிச்சா ரவுடித்தனம்னு நெனைக்கும்" என்றார். ஆயா மீன் விற்கிறவர். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வரும்படி சொல்லியிருக்கிறேன். மாடி ஏற முடியாது என்கிறாராம். கீழே கடைக்காரரிடம் நாற்காலி போட்டுக்கொள்ள இடம் கேட்க வேண்டும்.